சவரிமுத்து ஐயாவின் கிளாரினெட்

கட்டிலின் விளிம்பில் சவரிமுத்து ஐயா உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். கோட்டில் பூச்சி உருண்டை மணத்தது. கையில் கிளாரினெட்.

அறையிலிருந்த ஒரே கதிரையில் லுக் என்ற பிரெஞ்சு இளைஞன் இருந்தான். அவனுடைய காலடியில் ஒலிப்பதிவுக் கருவி. அதன் சக்கரங்கள் இரண்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

உள்ளே இடமில்லாததால் நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். யோகனின் கையில் தேத்தண்ணித் தட்டு. யாரும் இன்னும் குடிக்கவில்லை.

ஐயா கிளாரினெட்டை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. வெறும் காற்றுத்தான் வந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு திரும்ப வைத்தார். இந்த முறை சத்தம் வந்தது. சீமெந்துத் தரையில் இரும்புக் கதிரையை இழுத்தால் வருமே, அந்தச் சத்தம்.

லுக் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

பல வருடங்களுக்கு முன்னர் வந்த ஓர் இசைத்தட்டில் கிளாரினெட் ஊதியது தான்தான் என்பதை அந்தப் பையன் நம்பவேண்டும். ஐயாவுக்கு அன்று வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் நம்பினால், வானொலியில் அந்தத் தட்டைப் போடும்போது அவருடைய பெயரைச் சொல்வார்கள். நம்பாவிட்டால் வேறொருவர் பெயரைச் சொல்வார்கள். அதை நம்பவைக்க அவரிடம் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த வாய் அன்று அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

மாடியில் ஒரு பக்கத்து அறை

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு பாரிசின் லா சப்பலில் எங்கள் அறை தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி. கூரைக்குக் கீழே, பழைய காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டிய ஓர் அறை. அதில் ஊரைவிட்டு அகதிகளாக வந்த நாங்கள் முறைவைத்துப் படுத்தோம். பகல் வேலைக்காரர் எழும்ப, இரவு வேலைக்காரர் அதே போர்வைக்குள் புகுவார். போர்வை ஆறுவதில்லை.

நான் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவன். அதிகம் பேசமாட்டேன். எனக்கும் சேர்த்துப் பேச யோகன் இருந்தான். சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிற வேலை அவனுக்கு. அங்கே திட்டு வாங்கி வாங்கியே பிரெஞ்சு பழகியிருந்தான்.

மாடிக்கு ஒரே மலசலகூடம். பக்கத்து அறையில் ஒரு கிழவர் இருந்தார். நல்ல கறுப்பு. தொப்பி இல்லாமல் வெளியே வரமாட்டார். வாசல் காக்கும் அம்மா அவரை "மிசியே சாம்" என்பாள். அமெரிக்காக்காரர், அந்தக் காலத்து ஜாஸ் வாத்தியக்காரர் என்று ஒருமுறை சொன்னாள். நாங்களும் அப்படியே நம்பினோம். அமெரிக்காவில் பிறந்தவர் இந்த ஏணிப்படி ஏறி ஏன் சாகிறார் என்று யோகன் கேட்பான்.

ஒரு காலை யோகன் துவாயும் கையுமாக மலசலகூட வாசலில் நின்று, "உந்தக் கிழவர் உள்ளுக்கை போனால் எங்கடை சீவியம் முடிஞ்சுது. நான் வேலைக்குப் போறதோ, இஞ்சையே நிண்டு வேர் விடுறதோ?" என்று கத்தினான்.

கதவு திறந்தது. கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "வயசானா உனக்கும் இப்பிடித்தான் ஆவும், தம்பி. போ, இப்ப உன் மொறை."

யோகனுக்குத் துவாய் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. நீங்கள் தமிழே?"

"காரைக்கால்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் எங்களோடை கதைக்கேல்லை?"

"வாய்க்கு வருமான்னு தெரியல. கதவுக்குப் பின்னாடி நின்னு நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு, உள்ளுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க பேசுறதுல பாதி எனக்குப் புரியல."

"எங்களுக்கே பாதி விளங்கிறேல்லை ஐயா" என்றான் யோகன்.

அன்றிலிருந்து அவர் எங்கள் அறைக்குச் சோறு தின்ன வருவார். எங்கள் மீன்குழம்பின் உறைப்புக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி கேட்பார். எங்களைவிடக் கறுப்பாக இருந்ததால் தமிழன் என்று நினைக்கவில்லை என்று யோகன் ஒருநாள் சொன்னபோது, "பாரிஸ்ல இருக்கிறவன் அத்தனை பேரும் அதத்தான் நெனச்சான். அதுலதான் எனக்குச் சோறு" என்றார்.

வாயைத் திறக்காதே

அவர் தன் கதையை ஒரே நாளில் சொல்லவில்லை. சோற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒவ்வொரு துண்டாகத்தான் சொன்னார். நான் அடுக்கிச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் சிப்பாய் பாண்டில் அவருக்குக் கிளாரினெட் பழக்கினார்கள். இருபது வயதில் கப்பல் சமையலறையில் வேலை பிடித்து மார்செய்யில் இறங்கினார். அங்கிருந்து பாரிஸ். முதல் பெரிய யுத்தம் முடிந்து, ஊர் முழுக்க ஆடிக்கொண்டிருந்த காலம். பிகால் பக்கத்து நடனக் கூடங்களில் ஜாஸ் என்றால் பைத்தியம். மேடையில் கறுப்பு மனிதர்கள் நிற்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்தவர்களாக இருக்கவேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் வெள்ளைக்காரர் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்.

மார்த்தினிக் தீவைச் சேர்ந்த ஒரு பாண்ட் தலைவர் இவர் ஊதுவதைக் கேட்டார். பெயரைக் கேட்டார். சவரிமுத்து. தலைவர் அதை இரண்டாக உடைத்துப் பாதியை எறிந்துவிட்டு, முன்னால் ஒரு சாமைப் போட்டார். சாம் சவரி, நியூ ஓர்லியன்ஸ்.

"ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு. வாயில கிளாரினெட் இல்லாதப்ப வாயைத் தெறக்கக் கூடாது. யாராச்சும் பேசுனா சிரிக்கணும். நான் ஊமையா இருந்தே பேரு வாங்கினவன் தம்பி."

"எனக்கும் அப்பிடி ஒரு வேலை எடுத்துத் தாங்கோ" என்றேன். நான் சொன்ன பகிடிக்கு அந்த அறை சிரித்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

பத்து வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தார். பிரசல்ஸ், ஜெனீவா என்று போய் வந்தார். பட்டுச் சட்டை போட்டார். ஒரு கோடையில் பாண்ட் முழுவதுமாக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ச் சில இசைத்தட்டுகள் பதிவு செய்தார்கள். தட்டில் தலைவரின் பெயர் மட்டும் இருந்தது. ஊதியவர், அடித்தவர் யாருடைய பெயரும் இல்லை.

அதில் ஒரு பாட்டில் கிளாரினெட் தனியாக எழும்பும். கீழே ஒரு சுரத்தில் தொடங்கி, நடுவில் எங்கும் கால் ஊன்றாமல், வழுக்கியபடியே மேலே போய் நிற்கும். அதைக் கேட்கவே சனம் வந்ததாம். நியூ ஓர்லியன்ஸ் ஆற்றங்கரையில் பிறந்தவனுக்குத்தான் அந்த இழுப்பு வரும் என்று பத்திரிகையில்கூட எழுதினார்களாம்.

"ஆத்தங்கரையாவது ஒண்ணாவது. எங்க மாதாகோயில் தேர் வரும்போது நாயனக்காரரு இழுப்பாரு பாரு, தொளையில வெரல அரையும் கொறையுமா வச்சு, ஒதட்டாலயே ஏத்திக்கிட்டுப் போவாரு. அதைத்தான் நான் இங்க பண்ணேன். வெள்ளைக்காரன் கேட்டுட்டு மிசிசிப்பின்னான். நான் சிரிச்சேன். சிரிக்கத்தானே சொல்லியிருந்தாங்க."

அடுத்த பெரிய யுத்தத்தில் ஜெர்மன்காரர் பாரிசுக்குள் வந்தார்கள். அமெரிக்கரைப் பிடித்து முகாமில் அடைத்தபோது, சுவரொட்டியைப் பார்த்து இவரையும் தேடி வந்தார்கள். நான் அமெரிக்கன் இல்லை, பிரெஞ்சு ஆட்சியில் உள்ள காரைக்காலில் பிறந்தவன் என்று சொல்லித் தப்பினார். தப்பிய செய்தி கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நியூ ஓர்லியன்ஸ்காரர் என்று விளம்பரம் போட்ட முதலாளிகளுக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

யுத்தம் முடிந்ததும் நிஜமான அமெரிக்கர்கள் வந்து இறங்கினார்கள். புதுவிதமாக, வேகமாக ஊதினார்கள். மேடைக்குப் பின்னால் வந்து, இவரைத் தங்கள் ஊர்க்காரர் என்று நினைத்துத் தோளில் தட்டி ஆங்கிலத்தில் பேசினார்கள். இவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. எத்தனை நாளைக்குச் சிரிப்பது? கூடங்களுக்குப் போவதை நிறுத்தினார். ரயில் பெட்டி கழுவும் வேலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை அதுதான் வேலை.

கட்டிலுக்கடியில்

கிளாரினெட் அவருடைய கட்டிலுக்கடியில் பெட்டியோடு கிடந்தது. ஊதிக் காட்டச் சொல்லி யோகன் எத்தனையோ தரம் கெஞ்சினான். அவர் எடுக்கவில்லை.

என் அம்மா ஊரில் மோசம் போய்ச் சாவுச் செய்தி வந்த கிழமைதான் ஐயா அதை எடுத்தார். அப்போது சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டு. போனாலும் திரும்பி வர முடியாது. நான் வேலைக்குப் போய்க் கோப்பை கழுவிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். ஞாயிறு பின்னேரம், அறையில் நான் மட்டும் இருந்தேன். ஐயா பெட்டியோடு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தார். துண்டு துண்டாக இருந்த வாத்தியத்தைப் பொருத்தினார். வாயில் வைக்கும் பகுதியில் கட்டும் நாணல் தகட்டை நெடுநேரம் எச்சிலில் ஊறவைத்தார்.

எங்கள் ஊர் மாதாகோயில் பாண்டில் கிளாரினெட் ஊதிக் கேட்டது பிரேதம் எடுக்கும்போது மட்டும்தான். ஆகவே அவர் ஊதத் தொடங்கியதும் எனக்கு அம்மாவின் பெட்டி வீட்டு வாசலைத் தாண்டுவது போலவே இருந்தது. முதல்முறையாக அழுதேன். நடுவில் ஓரிடத்தில் அந்த இழுப்பு வந்தது. கீழே தொடங்கி, எங்கும் நிற்காமல், மேலே போய் நின்றது.

"இது சாவுப் பாட்டு இல்ல தம்பி, ஆடுற பாட்டு" என்றார் முடித்துவிட்டு. "மெதுவா ஊதுனா இப்பிடி ஆயிடுது."

அவர் ஊதி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். வேறு யாரும் கேட்கவில்லை.

தங்கராசா அண்ணையின் திறமை

ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் தங்கராசா அண்ணை இருந்தார். ஊரில் பல் வைத்தியர் ஒருவரிடம் நெடுங்காலம் உதவியாளாக இருந்தவர். இங்கே விசா இல்லாமல், காப்புறுதி இல்லாமல் இருந்த எங்கள் ஆட்களுக்குப் பல் வலித்தால் அவரிடம்தான் ஓடுவோம். குசினிக் கதிரையில் இருத்தி, யன்னல் வெளிச்சத்தில் பிடுங்கிவிடுவார். "பிரெஞ்சு டொக்டர் மூண்டு மாசத்துக்குப் பிறகு வா எண்டுவான். நான் மூண்டு நிமிசத்திலை விடுறன்" என்பார்.

ஐயாவுக்கு மேல்வாயின் முன்பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கின. சோறு மெல்லும்போது கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். அவருக்குக் காப்புறுதி இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் இப்போது அவருக்கு எல்லாமே நாங்கள்தான். சோறு எங்களிடம், தலைமயிர் வெட்டு எங்களிடம். பல்லுக்கு மட்டும் வேறெங்கே போவது? யோகன் கூட்டிக்கொண்டு போனான்.

தங்கராசா அண்ணை தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்டைக் கழட்டினால் மற்றது தனிய நிக்காது ஐயா. ரெண்டையும் எடுப்பம். பல்லுப் பிடுங்கின முரசு காய்ஞ்ச பிறகு நல்ல பல்லாக் கட்டலாம்" என்றாராம்.

"ஊதுறதுக்கு முன்பல்லு வேணும்" என்று ஐயா சொன்னாராம். கிளாரினெட்டின் மேல்புறத்தில் முன்பல்லை ஊன்றித்தான் பிடிப்பார்கள். பல் இல்லாவிட்டால் வாத்தியம் வாயில் நிற்காது.

"இனி எங்கையும் ஊதப் போறியளே?"

ஐயா, "இல்ல. எடுத்துடுங்க" என்று வாயைத் திறந்தார்.

இரண்டு பல்லையும் ஒரு கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். வரும் வழியில் ஐயா அதைக் கால்வாயில் போட்டுவிட்டு, ஐஸ்கிரீம் கேட்டாராம். ஸ்டாலின்கிராட் மெத்ரோ வாசலில் நின்று இருவரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது. வலி போய்விட்டது.

அதற்கு அடுத்த கிழமை லுக் வந்து கதவைத் தட்டினான்.

விருந்தாளி

லுக் பழைய இசைத்தட்டுகள் சேர்ப்பவன். வானொலியில் அந்தக் கால பாரிஸ் ஜாஸ் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தான். சாம் என்ற பழைய கிளாரினெட்காரர் லா சப்பலில் உயிரோடு இருக்கிறார் என்று யாரோ சொல்ல, தேடி வந்திருந்தான். சனிக்கிழமை வந்து பதிவு செய்வதாகச் சொன்னான்.

அந்தக் கிழமை முழுவதும் எங்களுக்குக் கல்யாண வீடு. ஐயாவின் அறையைக் கூட்டித் துடைத்தோம். யோகன் மீன் அடைத்த ரோல்ஸ் சுட்டான். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் பெரிய மனிசன் வந்தால் பக்கத்து வீட்டுச் சனம் முழுவதும் வாசலுக்கு வந்து நிற்கும். வீட்டுக்காரருக்கு அது பெருமை. தனியாக விடுவதுதான் மரியாதைக் குறைவு. ஆகவே அன்று வேலைக்குப் போகாமலே நாங்கள் எல்லாரும் போய் நின்றோம். தங்கராசா அண்ணைகூடக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

லுக் முதலில் ஒரு கசெட்டைப் போட்டான். பழைய தட்டிலிருந்து எடுத்தது. பொரிகிற சத்தத்துக்குள் ஒரு பாட்டு வேகமாக ஓடியது. திடீரென்று அந்த இழுப்பு வந்தது. நான் யோகனின் கையைப் பிடித்தேன். என் கால்மாட்டில் கேட்ட அதே இழுப்பு.

"இதை ஊதியவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று லுக் கேட்டான். யோகன் எங்களுக்குக் காதோடு மொழிபெயர்த்தான்.

"நான்தான்" என்றார் ஐயா.

லுக்கின் முகம் மலர்ந்தது. "நியூ ஓர்லியன்சில் எந்தப் பகுதியில் பிறந்தீர்கள்?"

அவர் வழக்கம்போலச் சிரித்திருக்கலாம். ஏதாவது ஒரு தெருவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பையன் அதைக் கேட்கத்தான் வந்திருந்தான். ஐயா தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். அங்கே நாங்கள் நின்றோம். அவரோடு தமிழ் பேசி, அவருக்குச் சோறு போட்ட அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். எங்களுக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"நான் அங்கே பிறக்கவில்லை. காரைக்காலில் பிறந்தேன். என் பெயர் சவரிமுத்து. வானொலியில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்."

லுக் சிரித்தான். பிறகு அது பகிடி இல்லை என்று விளங்கிச் சிரிப்பை நிறுத்தினான். அந்தப் பாண்டில் கிளாரினெட் ஊதும் ஓர் அமெரிக்கரும் இருந்தார், இதை ஊதியவர் அவர்தான் என்றே எல்லாரும் சொல்கிறார்கள் என்றான். ஐயா நாயனத்தைப் பற்றி, மாதாகோயில் தேரைப் பற்றி, அரைத் துளை விரலைப் பற்றி அவசரமாகச் சொன்னார். பல் இல்லாத வாயில் அவருடைய பிரெஞ்சு சிதறியது.

"மன்னியுங்கள் ஐயா. அந்த ஒரு இடத்தை மட்டும் ஊதிக் காட்டுவீர்களா? கொஞ்சம் போதும்."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஐயா மூன்றாம் முறையும் வைத்தார். பல் பிடுங்கிய முரசிலிருந்து இரத்தம் கசிந்து வாத்தியத்தின் வாய்ப்பகுதியில் இறங்கியது. கிளாரினெட்டை மடியில் வைத்துவிட்டு அந்த இழுப்பை வாயால் பாடினார். கீழே தொடங்கி மேலே போய் நின்றது. ஓரிடமும் பிசகவில்லை. யோகன் கை தட்டினான்.

"அழகாகப் பாடுகிறீர்கள்" என்றான் லுக். "ஆனால் தட்டைப் பல தடவை கேட்டவர்கள் எல்லாரும் இப்படிப் பாடுவார்கள். நானும் பாடுவேன்."

தங்கராசா அண்ணை வாசலிலிருந்து மெல்ல நழுவிப் படியில் இறங்குவது கேட்டது.

என் வாழ்க்கையில் நான் முன்னுக்கு வந்து பேசியது குறைவு. அன்று பேசினேன். கழுவுகிற இடத்தில் பொறுக்கிய பிரெஞ்சில், "இவர்தான். நான் கேட்டேன்" என்றேன்.

"எப்போது?"

"அம்மா... செத்தது. இவர் ஊதினார்."

இடையில் சொல்லவேண்டிய சொற்கள் என்னிடம் இல்லை. யோகன் எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லுக் எழுந்து என் கையைப் பிடித்து, அம்மாவுக்காக மிகவும் வருந்துவதாகச் சொன்னான். யோகன் பிறகு எவ்வளவோ விளக்கினான். லுக் தலையாட்டிக்கொண்டே வயர்களைச் சுருட்டினான். கிழவனிடம் பாசமான பொடியன்கள் என்று நினைத்திருப்பான். கெட்டவன் இல்லை. யோகன் நீட்டிய ரோல்ஸில் ஒன்றைத் தின்றுவிட்டுத்தான் போனான்.

ஞாயிறு மத்தியானம்

நிகழ்ச்சி மாரிக்குளிர் தொடங்கியபோது வானொலியில் போனது. அதற்குள் ஐயா படுக்கையில் விழுந்துவிட்டார். தங்கராசா அண்ணை தன் கையாலேயே பல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஐயா அதைப் போடவில்லை. கிளாசுத் தண்ணீரில் கிடந்தது.

நிகழ்ச்சியைக் கேட்க வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். யோகன் விடவில்லை. கடைசி நேரத்தில் லுக்கின் மனம் மாறியிருக்கும் அண்ணை, பெயரைச் சொல்லுவான் என்று எனக்குச் சொல்லி வானொலியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தான்.

லுக்கின் குரல் வந்தது. பாட்டு வந்தது. அந்த இழுப்பு வந்து மேலே போய் நின்றது. பாட்டு முடிந்ததும் லுக் அந்த அமெரிக்கரின் பெயரைச் சொன்னான். ஆற்றங்கரையில் பிறந்தவருக்கே வரும் வாசிப்பு என்றான். அடுத்த பாட்டுக்குப் போனான்.

"எளிய நாய்!" என்று யோகன் வானொலியைத் தூக்கி எறியப் போனான்.

ஐயா கையைக் காட்டித் தடுத்தார். கண்ணை மூடியபடி, முடிந்துபோன பாட்டை இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர் போலக் கொஞ்சநேரம் கிடந்தார்.

"நல்லாத்தான் ஊதுறான்" என்றார்.

"ஐயா, உது நீங்களெல்லே!" என்று யோகன் கத்தினான்.

ஐயா தலையணையில் தலையை மெல்ல ஆட்டினார், இல்லை என்று.

"யாரு பெத்த புள்ளையோ. நல்லா ஊதுறான்."